ஹேவ்லாக்கில் கடல் எங்கே போனது?

கேள்வி: ஜனவரியில் முதுகுப்பையோடு தனியாக அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய் நான்கு நாட்கள் தங்கினேன். ராதாநகர்க் கடற்கரையில் நின்றபோது கண் கலங்கியது உண்மை. ஆனால் நான் தங்கிய விஜயநகர்க் கரையில் பிற்பகலில் கடலே இல்லை. கல்லும் சேறுமாகக் கிடந்தது. எலிஃபென்ட் பீச்சில் பவளம் பாதிக்கு மேல் செத்துக் கிடக்கிறது. ஐந்தரைக்கு இருட்டிவிடுகிறது, ஒன்பதுக்கு ஊர் அடங்கிவிடுகிறது, சாப்பாட்டு விலையோ சென்னையைவிட அதிகம். போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

பதில்:

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மிகையில்லை. நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 2007 முதல் பத்துப் பருவங்கள் ஹேவ்லாக்கில் ஸ்கூபா படகுகளில் வேலை செய்தேன். அந்தத் தீவை நேசிக்கிறேன். அதனால்தான் உங்கள் ஏமாற்றத்தைத் தட்டிக்கழிக்காமல் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல விரும்புகிறேன். காரணம் தெரிந்தால் பாதிக் குறைகள் குறைகளாகத் தெரியாது. மீதிப் பாதி இன்னும் அதிகமாக வலிக்கும்.

முதலில் பெயர். 2018 டிசம்பர் 30 அன்று தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்று மாற்றப்பட்டது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் புதிய பெயர்களே இருக்கும். தீவுக்காரர்களின் வாயில் பழைய பெயர்கள்தான் வருகின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இனி கடல் எங்கே போனது என்று பார்ப்போம். சென்னை மெரினாவில் கடல் ஏறுவதும் வற்றுவதும் நம் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். சுவரில் அளந்தால் இரண்டு மீட்டர் ஓர் ஆள் உயரம்தான். ஆனால் விஜயநகர் இருக்கும் கிழக்குக் கரை செங்குத்தாக இறங்கும் கரை இல்லை. கரையிலிருந்து வெகுதூரம் பாறைத்தளம் மேசைபோலப் பரந்து கிடக்கிறது. அதன்மேல் இரண்டு மீட்டர் நீர் வடிந்தால் இருநூறு முந்நூறு மீட்டர் வெறும் கல்லாகத் தெரியும். காலையில் நீலமாக நின்ற இடத்தில் மாலையில் நண்டு ஊரும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சந்திரனும் சூரியனும் சேர்ந்து இழுக்கும் பெரிய ஏற்ற நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அந்தப் பகுதியில் காலை ஒன்பது பத்து மணி வாக்கில் கடல் நிறைந்திருக்கும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு அடியோடு வற்றும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அரைநிலா நாட்களில் கணக்கு தலைகீழாகி, காலையில் வற்றி பிற்பகலில் நிறையும். ஆனால் அப்போது ஏற்றமும் வற்றமும் சிறியவை. நீங்கள் பௌர்ணமிக்கு அடுத்த நாள் மதியக் கப்பலில் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டு மூன்றரைக்குக் கரைக்கு வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த நேரத்தில் வரும் ஒவ்வொருவரும் அதே ஏமாற்றத்தோடுதான் நிற்பார்கள். அதே இடத்தில் மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மார்பளவு கண்ணாடித் தண்ணீர் இருந்திருக்கும். நீங்கள் அப்போது எலிஃபென்ட் பீச் படகுக்காக ஜெட்டியில் வரிசையில் நின்றிருப்பீர்கள்.

ராமநாதபுரத்து மீனவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பிறை பார்க்காமல் கடலுக்குப் போகும் வழக்கமே அவர்களுக்கு இல்லை. அறை வாடகைக்கு விடுபவர்கள் இதை விருந்தினரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். எனக்குத் தெரிந்து மிகச் சிலரே சொல்கிறார்கள். விளம்பரப் படத்தில் நிறைகடலைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, வற்றும் நேரத்தைப் பற்றி மௌனமாக இருப்பது நேர்மையில்லை. இதை அங்கே வேலை பார்த்த காலத்திலேயே சொல்லி மனஸ்தாபம் தேடிக்கொண்டவன் நான்.

வற்றிய கடலையும் முழுக்கக் கழித்துவிடாதீர்கள். ரப்பர்ச் செருப்போடு பாறைத்தளத்தின் மணல் பகுதிகளில் மட்டும் கால் வைத்து மெல்ல நடந்தால், தேங்கிய குட்டைகளில் கடல் அட்டைகள், நட்சத்திர மீன்கள், விரல் நீள விலாங்குகள் தெரியும். எந்தக் கல்லையும் புரட்டக் கூடாது. எதையும் எடுக்கவும் கூடாது. பவளமும் பல வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விமான நிலையச் சோதனையில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

ராதாநகர் ஏன் வேறாக இருக்கிறது என்பதற்கும் இதே விளக்கம்தான். அது மேற்குக் கரை. அங்கே கரையோரப் பாறைத்தளம் இல்லை. மணல் அப்படியே சரிந்து கடலுக்குள் போகிறது. கடல் எவ்வளவு வற்றினாலும் குளிக்கத் தண்ணீர் இருக்கும். இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மாவுபோல மணல், பின்னால் நெடிது நிற்கும் காட்டுமரங்கள், நடுவே ஒரு கட்டடம்கூடக் கண்ணில் படாத ஓரங்கள். 2004இல் டைம் இதழ் அதை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்றது. 2020இல் இந்தியாவில் முதன்முதலாகத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளில் அதுவும் ஒன்று. உங்கள் கண் கலங்கியதற்கு இந்தச் சான்றிதழ்கள் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் காடு அப்படியே நிற்பதுதான் காரணம். நம் நாட்டில் காட்டிலிருந்து நேரே கடலுக்குள் நடக்கக்கூடிய இடங்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த மணலின் ஓரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது பயமுறுத்த வைத்தது இல்லை. 2010 ஏப்ரலில் ராதாநகரை ஒட்டிய ஒரு சிறு குடாவில் அமெரிக்கப் பயணி ஒருவர் உவர்நீர் முதலையால் கொல்லப்பட்டார். அதற்கு முன் ஹேவ்லாக்கில் முதலை வரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. இன்றும் ஆள் நடமாட்டமில்லாத ஓடை முகங்களிலும் அலையாத்திக் காட்டின் ஓரங்களிலும் தனியாக நீந்தாதீர்கள். தனிமையைத் தேடி முதுகுப்பையோடு வருபவர்கள்தான் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் குளியுங்கள். இருட்டியதும் விசில் ஊதி வெளியே வரச் சொன்னால் வந்துவிடுங்கள்.

அதே 2010 ஏப்ரல்தான் பவளத்துக்கும் கெட்ட மாதம். நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே எனக்குக் கனமானது இதுதான்.

பவளம் என்பது கல் இல்லை. கல்லை வீடாகக் கட்டிக்கொண்ட உயிர். அதன் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்து அதற்கு உணவு தருகிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதே. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது வெள்ளையாகிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பிவரும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் தண்ணீருக்குள் இறங்கியபோது வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்ததுபோல இருந்தது. முதலில் மான்கொம்புப் பவளங்களின் நுனிகள் வெளுத்தன. பிறகு மேசைப் பவளங்கள். மே மாதம் இறங்கியபோது எனக்கு வழி தெரியவில்லை. ஒவ்வொரு பாறையையும் அதன் நிறத்தை வைத்தே அடையாளம் வைத்திருந்தேன், நிறங்கள் எல்லாம் போய்விட்டன. முகமூடிக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த பருவத்தில் அந்தக் கிளைகள்மேல் பழுப்புப் பாசி படர்ந்திருந்தது. அதற்கடுத்த பருவத்தில் உடைந்து சரளையாகிவிட்டன. 2016இல் மீண்டும் வெளுத்தது.

நீங்கள் எலிஃபென்ட் பீச்சில் பார்த்த சாம்பல் நிறச் சரளை பெரும்பாலும் அந்தக் கிளைகள்தான். அதோடு மனிதக் கால்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீந்தத் தெரியாத பயணிகளை மிதவை வளையத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் பயத்தில் காலை ஊன்றுகிறார்கள், பத்தாண்டில் வளர்ந்தது ஒரு நொடியில் முறிகிறது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. பயணியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கால் ஊன்றக் கூடாது என்று படகில் ஏற்றும்போதே சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்த உருண்டைப் பவளங்கள், ஆள் உயரத்துக்கு வளர்ந்தவை, பல 2010இலும் 2016இலும் தாக்குப்பிடித்தன. ஆழமான இடங்களில் சேதம் குறைவு. ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் என்று நாங்கள் அழைக்கும் இடங்களில் இருபது முப்பது மீட்டர் ஆழத்தில் மீன்கூட்டம் வெயிலையே மறைக்கும். மூன்று நான்கு நாள் படித்துப் பெறும் அடிப்படை ஸ்கூபா சான்று 18 மீட்டர் வரைக்கும்தான், அதற்கும் கீழே போக அடுத்த நிலைப் பயிற்சியும் வேண்டும். நான்கு நாள் பயணத்தில் நான்கு கடற்கரைகளை எண்ணிவிட்டுத் திரும்புவதைவிட, அந்த நாட்களை அந்தப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் மட்டும் ஸ்கூபாவுக்கு இறங்கக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும்.

எலிஃபென்ட் பீச் என்ற பெயரைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அந்தமானில் யானை இயற்கையாக இல்லை. மரம் வெட்டிய காலத்தில் இழுவைக்காக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியபின் அவற்றுக்கு வேலையில்லாமல் போனது. கடலில் நீந்தும் யானை என்று உலகெங்கும் படங்களில் பார்த்த ராஜன் அவற்றில் ஒன்று. 2016இல் இறந்தது. அதன் கடைசி ஆண்டுகளில் காட்டுப்பாதையில் பாகனோடு நடந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிடுவேன். அந்தக் கரையில் விழுந்து கிடக்கும் வெளுத்த அடிமரங்கள் 2004 ஆழிப்பேரலையின் மிச்சம். அந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. உப்புநீர் வேரை எட்டி, நின்றபடியே மரங்கள் பட்டுப்போயின. படம் எடுத்துக்கொள்ள அழகான இடம்தான். அது மயானம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஐந்தரைக்கு இருட்டுவது கடிகாரக் கோளாறு. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஹேவ்லாக் 93 பாகையில் இருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு மேல் சூரியன் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கே கதிர் சாய்ந்துவிடும். அதற்கு ஈடாகக் காலை ஐந்தரைக்கே நன்றாக விடிந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் எட்டு மணிக்கு எழுந்தால் நாளின் மிக நல்ல மூன்று மணி நேரம் வீண். இரவு விருந்துக்கு அது ஏற்ற ஊர் இல்லை, அப்படி ஆகவும் வேண்டாம்.

விலை பற்றிச் சுருக்கமாக. உள்ளூரில் விளையும் தேங்காய், பாக்கு, கொஞ்சம் நெல், காய்கறி, மீன் தவிர மற்ற எல்லாம் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து மறுபடி படகேறுகிறது. மின்சாரம் பெரும்பாலும் டீசலில் எரிகிறது. கடற்கரை ரிசார்ட்டின் உணவுச்சீட்டைப் பார்த்து நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். 3-ஆம் நம்பர் மார்க்கெட்டில் நடுத்தர வயது அம்மாக்கள் நடத்தும் வங்காளச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு, பருப்பு, கடுகு அரைத்த மீன் குழம்பு கிடைக்கும், பாதி விலைகூட இருக்காது. அவர்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை. கிழக்கு வங்கத்திலிருந்து பிரிவினையால் துரத்தப்பட்டவர்களை 1950களில் இந்தத் தீவில் குடியேற்றினார்கள். கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணநகர், விஜயநகர் என்ற பெயர்கள் அவர்கள் வைத்தவை. காட்டைத் திருத்தி, பாம்புக்கும் மலேரியாவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் டுங்கி என்னும் சிறு படகு ஓட்டுகிறார்கள், ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம். பருவத்தில் வரும் கூட்டத்துக்கு எதிரே அது சிறு எண்ணிக்கை. அவர்கள் கிணறுகள் பிப்ரவரிக்கு மேல் வற்றத் தொடங்குகின்றன. அறையில் வாளித் தண்ணீரில் குளித்தால் அவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

ஆக நண்பர்களிடம் என்ன சொல்வது? இரண்டு இரவு மட்டும் இருந்தால் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறு நாள் இருந்தால் போகச் சொல்லுங்கள். கிளம்பும் தேதியைப் பிறைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும். நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி போட்டிருக்கிறதே, அது போதும். நிறைகடல் காலைகளைக் கிழக்குக் கரைக்கும், பிற்பகல்களை ராதாநகருக்கும் வைத்துக்கொள்ளட்டும். ராதாநகரில் கூட்டம் நாலரைக்குத் திரளும். மதியம் இரண்டு மணிக்கே போய் வலப்புறமாகக் கால்மணி நேரம் நடந்தால் மரநிழலில் தனியாக இருக்கலாம், உயிர்காப்பாளர் கண்ணில் படும் தூரத்துக்குள்ளேயே.

அரசுக் கப்பலில் டிக்கெட் கிடைத்தால் அதில் போகச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். தனியார் படகில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். இரண்டரை மணி நேரம் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். குளிரூட்டிய தனியார் படகின் மூடிய கண்ணாடிக்குள் இது கிடைக்காது. நாட்கள் உள்ளவர்கள் சென்னையிலிருந்தே கப்பலில் வரலாம், ஏறத்தாழ அறுபது மணி நேரம். திரும்பும் விமானத்துக்கு முன் போர்ட் பிளேரில் ஒரு முழு நாள் விட்டுவைப்பது அவசியம். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் கப்பல்கள் நின்று, ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் நாட்கணக்கில் சிக்கினார்கள். கடற்படை வந்து மீட்டது. நான் அப்போது அங்கே இருந்தேன். மார்க்கெட் கடைக்காரர்கள் இருந்த அரிசியைப் பொதுவில் போட்டுச் சமைத்தார்கள்.

உங்களுக்கும் ஒன்று. ஹேவ்லாக், நீல் தீவுகளைச் சுற்றிய கடற்புல் வெளிகளில் ஆவுளியா என்னும் கடற்பசு மேய்கிறது. அந்தமானின் மாநில விலங்கு அது. ஆவுளியா என்பது பாக் நீரிணை மீனவர்கள் வழங்கும் தமிழ்ப் பெயர். பத்துப் பருவங்களில் நான் மூன்று முறைதான் பார்த்தேன், மூன்றும் கடல் நிறைந்த அதிகாலைகளில், விஜயநகருக்கு நேர் எதிரே. நீங்கள் சேறு என்று பார்த்துத் திரும்பிய அதே இடத்தில், நீர் ஏறியிருந்த நேரத்தில்.